பூக்கட்டும் வகுப்பு

நிலக்கோட்டைப் பக்கத்து முதியோர் கல்வி மையத்தில் பாக்கியசெல்வி பாடம் சொல்லிக்கொடுத்தாள். விடியுமுன் பூப்பறிக்கப் போய்வரும் பெண்கள், மத்தியானம் மல்லிகை கட்டிக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்.

அவளைப் போன்ற தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தர வந்த அதிகாரி தணிகாசலம் அதைப் பார்த்துக் கத்தினார். "ஏம்மா, இது வகுப்பா, பூக்கடையா? கூடையெல்லாம் வெளியே போகணும். இல்லேன்னா மையத்தையே மூடிடுவேன்!"

"சரிங்க சார். வெறுங்கையோட உட்கார்ந்தவங்களுக்கு எப்படிப் பாடம் நடத்தணும்னு நீங்களே காட்டுங்க. பார்த்துக் கத்துக்கிறேன்" என்றாள் அவள் பணிவாக.

கூடைகள் வெளியே போயின. அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு பலகை நிறைய எழுதினார். எழுதி முடித்துத் திரும்பினால், முன்வரிசையில் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்திருந்தாள். பேச்சியக்கா குறட்டையே விட்டாள்.

"என்னம்மா இது? எழுப்பு!"

"கோவிச்சுக்காதீங்க சார். விடியுமுன்னே எழுந்த உடம்பு. கை ஓய்ஞ்சா, ராத்திரி ஆயிடுச்சுன்னு கண்ணு நினைச்சுக்குது. இப்போ எதை மூடலாம்? மையத்தையா, உங்க பாடத்தையா?"

தணிகாசலம் சாக்பீஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"இவங்க முழிக்கிறதுக்குள்ள கூடையை உள்ளே கொண்டு வந்துடலாம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்."