பண்டிதர் திட்டத்தில் இல்லாத பதினோரு தட்டு

முதலில் வம்புக்கு வந்தவர் கொழுந்தீசப் பண்டிதர். இதை யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம். காளத்தி தம் பாட்டுக்குத் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தென்கரை நாட்டு மன்னர் மாறவேளின் சபையில் காளத்திக்குப் பேசுவதுதான் வேலை. மன்னர் முகம் கடுத்தால் ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும். அதற்குச் சம்பளமும் உண்டு, குளத்தங்கரையில் ஓர் ஓட்டு வீடும் உண்டு. பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம்.

அந்த ஆண்டு மன்னர் புதிதாக ஒரு பல்கலைக்கழகம் கட்டினார். அங்கே குடும்ப நிதித் திட்டமிடல் என்றொரு பாடம். நடத்துபவர் பண்டிதர். பாடநூல், பண்டிதர் தம் வீட்டுக்குப் போட்ட திட்டமேதான். சாப்பாடு, துணி, படிப்பு, மருந்து, கூரை வேலை, முதுமைக்காலம் என்று பன்னிரண்டு கட்டங்கள்.

ஒரு நாள் சபையில் பண்டிதர் எழுந்தார்.

"மன்னா, சொந்தக் குடும்பத்துக்கே திட்டம் போடத் தெரியாதவர் நாட்டுக்கு என்ன யோசனை சொல்வார்? சபையில் இருக்கும் எல்லோரும் இந்தப் பாடத்தில் தேற வேண்டும். தேறாதவர் வேலையையும் வீட்டையும் விட்டுவிட வேண்டும்."

பேச்சு எல்லோருக்கும். பார்வை காளத்திக்கு. குளத்தங்கரை வீட்டின் மேல் பண்டிதருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

மன்னர் சரி என்றார். காளத்தி மறுநாளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சுற்றிலும் மீசை அரும்பாத பிள்ளைகள்.

"வாருங்கள், பெரிய மாணவரே! எழுத்தாவது தெரியுமா? இல்லை, பெருவிரலோடு வந்தீர்களா?" என்றார் பண்டிதர். வகுப்பு சிரித்தது. மொத்தம் முப்பத்தேழு பேர். காளத்தி எண்ணிக்கொண்டார்.

பத்தாம் நாள் காளத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கட்டத்தில் இல்லாத செலவு வந்தால் என்ன செய்வது, ஐயா?"

"வராது. வந்தால் வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டியது. ஒரு காசு கொடுத்தாலும் அவர் இந்தப் பாடத்தில் தோற்றவர். யாராக இருந்தாலும் சரி!"

"எழுதிக்கொள்ளலாமா?"

"எழுதத் தெரிந்தால் எழுதிக்கொள்."

காளத்தி எழுதிக்கொண்டார். அன்று மாலை பக்கத்து ஊருக்கு ஒரு நடை போய் வந்தார்.

தேர்வு மன்னர் முன்னால் நடந்தது. மற்றவர்கள் திட்டத்தை ஒப்பித்துத் தேறிவிட்டார்கள். காளத்தியின் முறை வந்ததும் பண்டிதர் வேறு கேள்வி எடுத்தார்.

"இவர் ஒப்பிக்க வேண்டாம், மன்னா. என் திட்டத்தில் ஒரு குறை காட்டட்டும். காட்டாவிட்டால் இன்றே வீட்டைக் காலி செய்யட்டும்."

"காட்டுகிறாயா, காளத்தி?"

"என் கண்ணுக்குத் தெரியவில்லை, மன்னா. தெரிந்தவரை வரச் சொல்லியிருக்கிறேன்."

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. பண்டிதரின் தங்கை மரகதம்.

"அண்ணா, நீங்க இங்கதான் இருப்பீங்க, மகாராஜாவையும் கையோட அழைச்சிடலாம்னு காளத்தி ஐயாதான் எங்க ஊருக்கு வந்து சொன்னார். வர்ற வெள்ளிக்கிழமை சின்னவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியிலதான உக்கார வைக்கணும்? பதினோரு தட்டுச் சீர். கல்லு வச்ச தோடு. பட்டுப் பாவாடை. கொறைச்சுடாதீங்க."



"இது எந்தக் கட்டம், பண்டிதரே?" என்றார் காளத்தி.

பண்டிதரின் விரல் கையிலிருந்த திட்ட ஓலையில் மேலிருந்து கீழே போனது. கீழிருந்து மேலே வந்தது.

"காது என்பதால்... மருந்தில் சேர்க்கலாம்."

"பதினோரு தட்டு?" என்றார் மன்னர்.

"அதுவும்... காதைச் சேர்ந்ததுதானே, மன்னா."

"என்னண்ணா இது? தாய்மாமன் சீரை மருந்துச் செலவுல எழுதுவீங்களா? என் மாமியாருக்குத் தெரிஞ்சா நான் அந்த வீட்டுல இருக்க முடியுமா?" என்றாள் மரகதம்.

"மூத்த பிள்ளைகளுக்குச் சீர் யாரம்மா செய்தது?" என்று மன்னர் கேட்டார்.

"அண்ணிதான். வீட்டுச் செலவுக்குத் தர்றதுல மிச்சம் பிடிச்சு, சிறுவாடு சேர்த்துச் செஞ்சாங்க. இந்த வருஷம் அண்ணன் எல்லாத்தையும் கட்டம் கட்டமாப் பிரிச்சுட்டாராம். அண்ணி கையில ஒண்ணுமில்ல."

பண்டிதருக்கு இது புதுச் செய்தி.

காளத்தி தம் ஓலையைப் பிரித்தார். "கட்டத்தில் இல்லாத செலவை வாசலோடு திருப்பி அனுப்பச் சொன்னது தாங்கள்தான். செலவு வாசலில் நிற்கிறது. அனுப்புங்கள். திட்டத்தில் குறையில்லை என்று நானே ஒப்புக்கொண்டு வீட்டைக் காலி செய்கிறேன்."

பண்டிதர் மன்னரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அவள் கண் நிறைந்து நின்றது.

"வெள்ளிக்கிழமை விடியும் முன்பே வந்துவிடுகிறேன், அம்மா. பதினோரு தட்டு போதுமா?" என்றார்.

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது.

"தேர்வில் ஒருவர் தோற்றுவிட்டார். அது காளத்தி இல்லை. காளத்தியின் வேலையும் வீடும் காளத்திக்கே. திட்டத்தில் பதின்மூன்றாவது கட்டத்தையும் காளத்தியே போடட்டும். இந்தா காளத்தி, பட்டுச் சால்வை. வேறு என்ன வேண்டும்?"

"ஒன்றே ஒன்று, மன்னா. காளத்தி தேறிவிட்டார் என்று பண்டிதர் தம் வாயால் வகுப்பில் சொல்ல வேண்டும். அந்த முப்பத்தேழு பேரும் இருக்கும்போது."

"சொல்லிவிடுங்கள், பண்டிதரே."

"உத்தரவு, மன்னா. நல்ல நாள் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்."

அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. முப்பத்தேழு பேரும் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். இருபத்திரண்டு பேருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அத்தனைக்கும் நாள் குறித்துக் கொடுத்தவர் பண்டிதர்தான். தமக்கு மட்டும் நல்ல நாள் அகப்படவில்லை என்கிறார். சித்திரை பிறந்ததும் காளத்தி புதுப் பஞ்சாங்கம் ஒன்று வாங்கி, தம் செலவிலேயே அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார். இந்த வருடமும் கொடுத்தாயிற்று.