பளிங்குக் கூடம்

தான் ஒருவர் மட்டும் பாட்டுக் கேட்பதற்கென்று ஒரு ஜமீன்தார் பளிங்கிலே பெரிய கூடம் கட்டினார். திறந்த அன்று வித்துவான் ஒரு சொல் பாடினால் அது நாலு சொல்லாக முழங்கியது. ஜமீன்தார் முகம் கறுத்துப் போய், கட்டிய கொத்தனார் குப்பாண்டியைக் கொட்டடியில் அடைத்தார்.

அதே கூடத்துக்குச் சாந்துச் சட்டி சுமந்தவள் குப்பாண்டியின் மனைவி சடைச்சி. அவள் வந்து ஜமீன்தாரைக் கும்பிட்டாள்.

"எதிரொலியை நிறுத்திட்டுப் புருஷனைக் கூட்டிப் போ. பளிங்குலே உளி படக்கூடாது, திரை போட்டு மறைக்கவும் கூடாது. சாயங்காலத்துக்குள்ளே முடியலேன்னா அவன் கட்டை விரலை எடுத்துருவேன்."

"கதவைத் திறந்து வைக்கலாமா சாமி?"

"வச்சுக்கோ. காத்து வந்து சரி பண்ணிடுமாக்கும்!"

சடைச்சி தெருத்தெருவாகப் போய் ஜனங்களைப் பாட்டுக் கேட்க அழைத்தாள். வெயில் தாழ்வதற்குள் இருநூறு பேர் கூடத்தில் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னடி இது, சந்தையா?"

"வேலை நடந்தப்போ நூறு பேர் உள்ளே பாடிக்கிட்டேதான் சாந்து பூசினோம் சாமி. ஒரு சத்தமும் திரும்பி வரலே. நாங்க வெளியே போன பிறகுதான் சுவரு பேசுது. ஆள் மேலே பட்ட சத்தம் அங்கேயே அடங்கிடும்."

வித்துவான் பாடினார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெளிந்து விழுந்தது. ஜமீன்தார் கொட்டடிச் சாவியைச் சடைச்சியிடம் கொடுத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "போங்கடா, மிச்சத்தை நான் கேட்டுக்கறேன்" என்றார்.

ஜனங்கள் எழுந்தார்கள். வித்துவான் தம்புராவைக் கீழே வைத்துவிட்டார்.

ஜமீன்தார் வாசலை நோக்கி நகர்ந்த ஜனங்களைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"உட்காருங்க," என்றார்.