இடது ஓரம்

சுடலைமணி முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தெருக்காரர்களைக் கூட்டி ஒரு காலை நடைக் குழு ஆரம்பித்தார். சர்க்கரைக்காரர்கள், முட்டிவலிக்காரர்கள் என்று அவரோடு சேர்த்து நாற்பது பேர். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயணம் வேறு. ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

இப்போது குழு கலைந்து அவர் ஒருவர்தான் மிச்சம். தான் குருவாக மதிக்கும் பெண்மணியின் முன்னால் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

“தணிகாசலம் போய் மூணு மாசம் ஆச்சும்மா. எல்லாரும் விதின்னு சொல்லுதாங்க. நீங்களும் ஒரு வார்த்தை சொன்னா நான் தூங்குவேன்.”

தணிகாசலம் பக்கத்து வீட்டுக்காரர். நடக்க வரமாட்டேன் என்றவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனவர் இவர்தான். அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் பின்னால் வந்த வேன் அவரை அடித்துவிட்டது.

“வாங்க அண்ணாச்சி, நடப்போம்” என்று குரு எழுந்தார்.

மெயின்ரோட்டில் ஏறியதும் சுடலைமணி இடது ஓரத்துக்குப் போனார்.

“ஏன் அந்தப் பக்கம்?”

“இடது பக்கந்தானம்மா போகணும்? எங்க குழுவுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

பஸ்காரர் அல்லவா! மனுஷர்களையும் பஸ்ஸாக நினைத்து வரிசையாக ஓட்டிப் போயிருக்கிறார்.

குரு வலது ஓரமாக நடந்தார். சுடலைமணியும் ரோட்டைக் கடந்து அவரோடு சேர்ந்துகொண்டார். எதிரே ஒரு லாரி வந்தது. டிரைவர் கொட்டாவி விடுவதுகூடத் தெரிந்தது. இருவரும் மண்ணில் இறங்கி நின்றார்கள். அடுத்து ஒரு வேன் வந்தது. அதற்கும் இறங்கினார்கள்.

வேன் போன பிறகு சுடலைமணி ரோட்டில் ஏறவில்லை.

“இந்தப் பக்கம் வந்திருந்தா தணிகாசலம் வேனைப் பாத்திருப்பான்.”

“ஆமா.”

“ஒதுங்கியிருப்பான்.”

“ஆமா.”

“அப்ப விதி இல்லம்மா. நான்தான்.”

“வேன்காரனும்தான். நீங்களும்தான்.”

அவர் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை. குரு தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

“இந்தப் பாரத்தை நான் எங்கம்மா இறக்கி வைப்பேன்?”

“இறக்கி வைக்க இடம் கிடையாது அண்ணாச்சி. மத்த முப்பத்தெட்டு பேரும் இன்னைக்குக் காலையில பால் வாங்கப் போனாங்க, நீங்க சொல்லிக்கொடுத்த பக்கமா.”