கைக்குட்டையில் துடைத்த பால்

ஒரு விடுகதை சொல்கிறேன், கேளுங்கள்.

விருந்தாளி இன்னும் புறப்படவில்லை. எந்த நாளில் வருவார் என்பதும் உறுதியில்லை. ஆனால் அவருக்கான சாப்பாடு எப்போதோ தயார். நிறம் மஞ்சள். ஆறாது, ஊசிப்போகாது. சமைத்தவளுக்கே சமைத்தது தெரியாது. அது என்ன?

விடை சீம்பால். பிள்ளை முதன்முதலாகக் குடிக்கும் பால். பிள்ளை பிறப்பதற்குப் பல வாரம் முன்பே அது தாயின் மார்பில் வந்து காத்திருக்கிறது.

தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். முப்பத்தெட்டு வயதுவரை கணக்கு டீச்சர் சௌந்தரவல்லிக்கும் தெரியாது.

*

“எனக்குப் பால் இல்லை, சிஸ்டர்” என்றாள் சௌந்தரவல்லி.

தாய்ப்பால் பிரிவு நர்ஸ் பெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு காலத்தில் இதே டீச்சரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவள்.

“யார் சொன்னா?”

“மூணு நாளா எடுத்துப் பார்த்துட்டேன். வரலை.”

சௌந்தரவல்லிக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தது. அப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்கு, பிறந்த சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம். அந்த நேரத்தில் கொடுக்க, இப்போதே கையால் சீம்பாலை எடுத்து உறையவைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். முப்பத்தேழு வாரம் முடிந்திருந்தது. பெனிட்டாவிடம் போய்ப் பழகிக்கொள்ளச் சொன்னதும் டாக்டர்தான். பழைய மாணவியிடம் போய் எப்படிக் கேட்பது என்று, மூன்று நாள் வீட்டிலேயே முயன்றுவிட்டு வந்திருந்தாள்.

“எப்படி எடுத்தீங்க? காட்டுங்க.”

திரை மறைவில் சௌந்தரவல்லி காட்டினாள். இரண்டு விரலால் காம்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“பேஸ்ட் டியூபா, டீச்சர்?”

சௌந்தரவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை.

பெனிட்டா அவள் விரல்களைக் கறுப்பு வட்டத்துக்கு வெளியே நகர்த்தி வைத்தாள். “கட்டை விரல் மேலே. மத்த விரல் கீழே. முதல்ல நெஞ்சுப் பக்கமா அழுத்துங்க. இப்ப ரெண்டு விரலையும் சேருங்க. விடுங்க. தோல்ல தேய்க்காதீங்க. வயிறு இறுகினா உடனே நிறுத்திட்டு எங்களுக்குப் போன் பண்ணணும்.”

அழுத்தினாள். சேர்த்தாள். விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நுனியில் மஞ்சளாக ஒரு துளி அரும்பியது. சௌந்தரவல்லி கைக்குட்டையை எடுத்துச் சட்டென்று துடைத்தாள்.

பெனிட்டா அவள் கையைப் பார்த்தாள்.

“மூணு நாளும் துடைச்சீங்களா?”

“ஆமா. அழுக்கு போகட்டும்னு. வெள்ளையா எப்ப வரும்?”

பெனிட்டா அந்தக் கைக்குட்டையை வாங்கினாள். கறை உள்ளே இருக்கும்படி நான்காக மடித்தாள். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

சௌந்தரவல்லி அதை மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த துளி அரும்பியபோது துடைக்கவில்லை.

*

நான்கு நாள் கழித்து வந்தாள்.

“ஒரு நாள் முழுக்க எடுத்தாலும், இங்கே கொடுத்த ஊசியில்லாத சிரிஞ்சில் கால்வாசி நிரம்பலை. இதை வெச்சு என்ன செய்ய?”

பெனிட்டா மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு கோலிக்குண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

“இது என்ன?”

“பிறந்த பிள்ளை ஒரு வேளைக்குக் குடிக்கற அளவு.”

சௌந்தரவல்லி கோலியை உருட்டிப் பார்த்தாள். பத்தாம் வகுப்புக்குக் கோளத்தின் கன அளவு நடத்தியவள். திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

*

அடுத்த வாரம் வந்தபோது சிரிஞ்சைப் பற்றிப் பேசவில்லை.

“வீட்டில் யாருமில்லை, பெனிட்டா.”

அவள் கணவன் அமலன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கப்பல் கரை தொட்டால்தான் போன் வரும். அவனை மணந்த அன்றைக்கே இரண்டு வீட்டாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஏழு வருடம் ஆகிறது. மாடி வீடு. கீழே பூட்டிக் கிடக்கும் கிடங்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து விளக்கைப் போட்டால், காலையில் வைத்த இடத்திலேயே டம்ளர் இருக்கும்.

“கையால் எடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். ஒரு ஆள் பேச்சுக் குரல் இல்லை. ஃப்ரீசரில் சிரிஞ்சை வெச்சுக் கதவை மூடினா, அந்தச் சத்தம்தான் வீட்டில் ஒரே சத்தம்.”

“அப்ப அந்த ரூம்ல எத்தனை பேரு?”

“நான் ஒருத்திதான்.”

“நூத்துக்குப் பதினெட்டு” என்றாள் பெனிட்டா.

அது ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் பெனிட்டா வாங்கிய மதிப்பெண். போட்டவள் சௌந்தரவல்லி. இன்றைக்கு முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே வயிற்றில் ஓர் உதை விழுந்தது.

போகும்போது வாசலில் நின்றாள்.

“பிள்ளைக்குச் சேனை வைக்க ஆள் வேணும். நீ வைப்பியா?”

சேனை என்பது, பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் வீட்டிலேயே நல்ல குணமுள்ளவரைத் தேடிப் பிடித்து வைக்கச் சொல்வார்கள். சௌந்தரவல்லிக்கு வைத்தது அவளுடைய பெரியம்மா. பிடிவாதம் அங்கிருந்து வந்தது என்று பேச்சு.

“பிள்ளைக்குக் கணக்கு வராமப் போயிடும், டீச்சர்” என்றாள் பெனிட்டா. “அதோட இங்கே தேன், தண்ணி எதுவும் வாயில வைக்க விடமாட்டோம்.”

“அப்போ என் பிள்ளை யார் குணத்தோட வரும்?”

பெனிட்டா அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

*

அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஒரு கணம் முகத்தைக் காட்டிவிட்டுக் கொண்டுபோனார்கள். சர்க்கரை இறங்கியிருந்தது.

சௌந்தரவல்லி கட்டிலில் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது. அவள் எடுத்துச் சேர்த்த சிரிஞ்சுகள் இருந்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெனிட்டா நடந்து போவது கதவிடுக்கில் தெரிந்தது.

அவளால் போக முடியாத அறைக்கு அவளுடைய பால் போயிற்று.

பக்கத்துக் கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர். ஃபிளாஸ்க், கூடை, சிரிப்பு. இவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியை, “யாராச்சும் வர்றாங்களாம்மா?” என்று கேட்டுவிட்டு அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் பெனிட்டா வந்தாள். “மூணு சிரிஞ்சு குடிச்சா. சர்க்கரை ஏறிடுச்சு.”

“அழுதாளா?”

“உங்களை மாதிரி மிரட்டுனா.”

*

மறுநாள் காலை பெனிட்டா பிள்ளையைக் கொண்டுவந்தாள்.

பக்கத்துக் கட்டில் பெண்ணின் அத்தை சண்முகக்கனி எட்டிப் பார்த்தாள். கையில் தேன் புட்டி.

“ஒத்தையிலேயே கெடக்கியேம்மா. சேனை யாரு வச்சா?”

“யாரும் வைக்கலை.”

“அடப் பாவமே. நான் வைக்கேன். எங்க வீட்டுல ஒம்போது பிள்ளைக்கு இந்தக் கைதான். ஒண்ணுகூட ஒத்தையில நின்னதில்லை.”

சௌந்தரவல்லி சண்முகக்கனியின் விரலைப் பார்த்தாள். காய்ப்பு ஏறிய, நல்ல விரல். நேற்று முழுக்க அவளிடம் யாரும் இவ்வளவு பேசவில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு மனுஷி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

“வேண்டாம் பெரியம்மா” என்றாள். “தேன் ஆகாதாம்.”

“ஆகாதாமா? அப்ப சேனை வைக்காத பிள்ளை யாரு குணத்துல வளரும்? அதையும் சொல்லு.”

சௌந்தரவல்லி பெனிட்டாவைப் பார்த்தாள். பெனிட்டாவின் கையில் பால் உருகிய சிரிஞ்சு ஒன்று இருந்தது.

“நீதான் சொல்லேன், பெனிட்டா.”

பெனிட்டா சிரிஞ்சைத் தட்டில் வைத்தாள். பிள்ளையின் துணியை அவிழ்த்து, தாயின் வெறும் நெஞ்சின் மேல் குப்புறக் கிடத்தி, மேலே ஒரு போர்வையைப் போர்த்தினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“என்ன செய்யணும்?” என்றாள் சௌந்தரவல்லி.

“நாம ஒண்ணும் செய்யக் கூடாது. அவளே பதில் சொல்லட்டும்.”

சண்முகக்கனி புட்டியை மூடினாள். அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளை வெகு நேரம் தூங்கியது. பிறகு தலையைத் தூக்கியது. தலை விழுந்தது. மறுபடி தூக்கியது. முழங்காலை உதைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இடப்பக்கம் திரும்பி, தானே வாய் வைத்துக் குடித்தது.