அந்தக் கிரகத்தில் பொங்கல் எப்போது?

தவசிமணிக்கு ஐம்பத்தொரு வயது. பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்திக்கொண்டே ஏழு வருடமாக முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வழிகாட்டி நஸ்ரினுக்கு முப்பத்தெட்டு. வயதில் சின்னவர், படிப்பில் குரு.

அன்று பதினொரு மணிக்குக் கடைசிக் கருத்தரங்கு. தேறினால் பட்டம், இல்லையென்றால் பதிவே ரத்து. மூன்று மாதம் வெளிநாட்டில் இருந்த நஸ்ரின் முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். ஒன்பது மணிக்கே தவசிமணி ஆய்வேட்டை அவர் மேசையில் வைத்தார்.

ஒரு கிரகம் சுற்றிவந்தால் அதன் நட்சத்திரம் லேசாக முன்னும் பின்னும் ஆடும். நான்கு வருடத் தொலைநோக்கிப் பதிவுகளில் அந்த ஆட்டத்தை மனிதர் பிடித்துவிட்டார். ஒரு சுற்றுக்கு 365 நாள், அப்படியே நம் பூமி மாதிரி. தண்ணீர்கூட இருக்கலாம் என்று ஒரு அத்தியாயமே எழுதியிருந்தார். கால் தரையில் பாவவில்லை.

நஸ்ரின் அந்த ஆட்டத்தை அலையாகக் காட்டிய வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

“சார், அந்தக் கிரகத்துல பொங்கல் எப்போ?”

கேலி செய்கிறார் என்று தவசிமணி சிரித்தார். நஸ்ரின் சிரிக்கவில்லை. அலை உச்சிக்குப் போகிற நாட்களைத் தேதியாக மாற்றிப் படிக்கச் சொன்னார்.

வானியல்காரர்கள் தேதி எழுதுவதில்லை. நாட்களை ஒரே நீள எண்ணாக எண்ணிக்கொண்டே போவார்கள். அதனால் ஏழு வருடத்தில் ஒருநாளும் அவர் அதைத் தேதியாகப் பார்த்ததில்லை.

“ஜனவரி பதினாலு” என்று படித்தார். “அடுத்த வருஷம் பதினஞ்சு. அப்புறம் பதினாலு.” நான்காவதை இரண்டு முறை சரிபார்த்தார். அதுவும் பதினாலுதான்.

எங்கோ வேறொரு சூரியனைச் சுற்றும் கிரகத்துக்கு நம் தை முதல் தேதி எப்படித் தெரியும்?

தொலைநோக்கியும் பூமியோடு சேர்ந்து ஓடுகிறது. அதனால் நட்சத்திரமே வருடத்துக்கு ஒருமுறை ஆடுவதுபோலத் தெரியும்; அந்த ஓட்டத்தைக் கணக்கில் கழித்துவிட வேண்டும். கழித்துத்தான் இருந்தார். மடிக்கணினியைத் திறந்து அந்தக் கணக்கைப் பார்த்தார். நட்சத்திரத்தின் இடத்தைக் குறிக்கும் எண்ணில் 12 என்பது 21 ஆகியிருந்தது. இடம் தப்பியதால் கழித்தது போக மிச்சம் விழுந்திருக்கிறது. அந்த மிச்சத்தைத்தான் கிரகம் என்று கொண்டாடியிருக்கிறார்.

“மேடம், இது நம்ம பூமி.”

நஸ்ரின் தலையசைத்தார். மணி பத்தரை. தேர்வாளர்கள் மாடியேறும் சத்தம் கேட்டது. யாருக்கும் தெரியாது, தெரியவும் வராது என்று தவசிமணிக்கு ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதே அவரை இன்னும் பயமுறுத்தியது.

“கிரகமே இல்லைன்னு எப்படி மேடம் போய்ச் சொல்வேன்?”

நஸ்ரின் டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

“இல்லைன்னு ஏன் சார் சொல்றீங்க? கிரகம் இருக்கு. எதுன்னு ரெண்டு பேருமா போய்ச் சொல்லுவோம். தண்ணியும் இருக்கு, குடிங்க.”