சிங்கி எந்தப் பக்கம் பாயும்?

“பாசத்தை அறுக்கது எப்படி தாயி?” என்று கேட்டார் கோமதிநாயகம்.

பிரகாசி விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“ராத்திரி சிங்கி இறால் பிடிக்கப் போறேன். வாங்க அண்ணாச்சி.”

அவருக்கு வயது அறுபத்து மூன்று. அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனாலும் அவர் சீடர், அவள் குரு. இந்த ஏற்பாட்டை அவராகவே செய்துகொண்டார். அவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

வத்தை என்கிற சின்னப் படகை ஒற்றை ஆளாகக் கடலுக்குள் கொண்டுபோகிறவள் பிரகாசி. கரையில் தகராறு வந்தால் ஆட்கள் அவளிடம் போவார்கள். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். போனவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருவார்கள். நாற்பது வருடம் ஆடு வாங்கி விற்ற கோமதிநாயகம், சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேள்விப்பட்டார். துறவு தேடி வந்திருப்பதாகச் சொல்லி இங்கேயே தங்கிவிட்டார். எட்டு மாதமாகக் காவி வேட்டி.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

வீட்டில் அவர் மனைவி சண்முகவடிவுக்கு நினைவு தப்பிப் போயிருந்தது. தினமும் காலையில் காபியோடு போய் நின்றால், “நீங்க யாரு? எதுக்கு வந்திருக்கீங்க?” என்று கேட்பாள். மரியாதையாகத்தான் கேட்பாள். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அன்று மதியம், இந்த எட்டு மாதமும் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மகள் போன் செய்திருந்தாள். மருமகனுக்கு வெளியூருக்கு மாற்றலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பா வரவில்லை என்றால் அம்மாவைக் காப்பகத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லி அழுதாள்.

அதற்குப் பிறகுதான் கோமதிநாயகத்துக்குப் பாசத்தை அறுக்கிற அவசரம் வந்தது.

*

நிலா இல்லாத இருட்டு. நிலவு அடித்தால் சிங்கி பொந்தை விட்டு வராதாம்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலுக்கடியில் பாறை கிடந்தது. அங்கே இடுப்பளவுத் தண்ணீர்தான். பிரகாசி விளக்கை வத்தையின் ஓரத்தில் பிடித்தாள். ஒரு கல்லோரம் இரண்டு கண்கள் பீடி நெருப்பு மாதிரி மின்னின. அப்புறம் நீள மீசை தெரிந்தது.

அவள் அவரிடம் ஒரு குச்சியையும், நீளக் காம்பு வைத்த சின்ன வலையையும் கொடுத்தாள். பிடிக்கச் சொன்னாள். எப்படி என்று சொல்லவில்லை.

ஆட்டை மடக்கத் தெரிந்தவருக்கு இது என்ன பிரமாதம்? எந்த ஜீவனும் முகம் இருக்கிற பக்கம்தானே ஓடும்? வலையைச் சிங்கியின் முகத்துக்கு நேரே இறக்கினார். வாலில் தட்டக் குச்சியைக் கொண்டுபோனார்.

குச்சி போய்ச் சேரவில்லை. மணல் கலங்கியது. சிங்கியைக் காணோம்.

ஐந்து தடவை இதே கதை. வலை சரியில்லை என்றார். விளக்கு போதாது என்றார். கடைசியில் சிங்கிக்கே புத்தி சரியில்லை என்று முடிவு கட்டினார். பிரகாசி சிரிக்காமல் வலையை வாங்கிக்கொண்டாள்.

அவள் மூன்று சிங்கி பிடிக்கும்வரை அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நாலாவதில் பிடிபட்டது. அவள் வலையைச் சத்தமில்லாமல் வாலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். குச்சியை முகத்துக்கு எதிரே காட்டினாள், தொடக்கூட இல்லை. சிங்கி குச்சியைப் பார்த்தபடியே பின்பக்கமாகப் பாய்ந்து வலைக்குள் விழுந்தது.

கோமதிநாயகத்துக்குத் துறவெல்லாம் மறந்துபோயிற்று.

“அதுக்குப் பின்னால கண்ணு இருக்கா தாயி?”

“இல்ல.”

“அப்ப எங்க போறோம்னு தெரியாமலா பாயுது?”

“பயந்தா பின்னாலதான் பாயும். மத்த நேரம் நல்லாத்தான் முன்னால நடக்கும்.”

அவரும் ஒன்று பிடித்தார். வலைக்குள் அது துடித்த துடிப்பு தோள்வரை ஏறியது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

“முன்னால இருக்கது வெறும் குச்சி. ஓரமா நாலு எட்டு நடந்து வந்தா தப்பிச்சிரும்லா?”

“தப்பிச்சிரும்.”

“பின்ன ஏன் வரல?”

“குச்சின்னு அதுக்குத் தெரியாதே. நின்னு பாத்தாத்தான தெரியும்.”

பிரகாசி விளக்கைத் தணித்துக் கீழே வைத்தாள்.

“உங்க முன்னால என்ன நின்னுச்சு அண்ணாச்சி?”

கோமதிநாயகம் வலையைக் கீழே வைத்தார். பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். சண்முகவடிவைச் சொன்னார், காபியைச் சொன்னார், மகளின் போனைச் சொன்னார். சொல்லும்போதே அழுதார். அவள் ஒரு வார்த்தையாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று பார்த்தார். சொல்லவில்லை.

“அந்த அக்கா கேட்டதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

கோமதிநாயகம் யோசித்துப் பார்த்தார். ஒவ்வொரு காலையாக எடுத்துப் பார்த்தார்.

“சொன்னதே இல்ல தாயி. கேட்டதும் டம்ளரை வச்சுட்டு வெளிய வந்துருவேன்.”

அவள் துடுப்பை எடுத்து வத்தையைக் கரைக்குத் திருப்பினாள். கரை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பெரிதாகி வந்தன. இருட்டில் அவர் தனக்குள் சிரிப்பது கேட்டது.

“என்ன அண்ணாச்சி?”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு, நாளைக்கே போயிருதேன். அவ எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேப்பால்லா?”

“கேப்பாங்க.”

“பொண்ணு பாக்க வந்திருக்கேன்னு சொல்லுவேன்.”