பனியில் வந்தவர்கள்

“எனக்கு மட்டும் ஏன் கம்பு தரவில்லை, அம்மையே?” என்று கேட்டார் கீரன்.

எயினி அம்மை அந்த மலைமடத்தின் தலைவி. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஆனாலும் மூங்கில் கம்பைக் கையில் எடுத்தால், காலடி ஓசையை வைத்தே ஆளை வீழ்த்திவிடுவார்.

கீரன் அவரைவிட மூத்தவர். சமவெளியில் மன்னனின் ஈட்டிப்படை ஊரைக் கொளுத்தி மகனையும் கொன்றபோது, மலையேறி வந்து சீடரானவர்.

“உமக்குக் கண் இருக்கிறது,” என்றார் அம்மை. “கணவாயில் நின்று பார்த்துச் சொல்லும்.”

“சொல்வதெல்லாம் ஒரு வேலையா?”

அம்மை மற்ற சீடர்களுக்குக் கம்பு பழக்கப் போய்விட்டார்.

சில நாட்களில் ஈட்டிப்படை அடிவாரம்வரை வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மடம் முழுக்க அடைக்கலம் புகுந்தவர்கள். அம்மையும் கீரனும் கணவாயில் ஒரு பாறை மறைவில் காவல் நின்றார்கள்.

பொழுது விடிந்தும் பனி விலகவில்லை. பக்கத்தில் அருவி இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அம்மைக்குக் காலடி சரியாகப் பிடிபடவில்லை.

“யாரோ ஏறி வருகிறார்கள். எத்தனை பேர்?”

“இரண்டு பேர்.”

“கையில் என்ன?”

கீரன் உற்றுப் பார்த்தார். தோள்மேல் நீளமாக ஏதோ தெரிந்தது.

“ஈட்டி.”

அம்மை பனிக்குள் இறங்கினார். கம்பு ஒருமுறை காற்றை அறுத்தது. எலும்பு முறியும் சத்தம் கேட்டது.

“அடிக்காதீங்க! தூளியில என் தங்கச்சி இருக்கா!”

இரண்டாவது வீச்சு, கத்தியவனின் கழுத்தருகே வந்து நின்றுவிட்டது.

கீரன் ஓடிவந்து பார்த்தார். தரையில் ஒரு நீளமான காட்டுமூங்கில் கிடந்தது. அதில் கட்டிய தூளிக்குள், கால்கள் வெந்துபோன ஒரு பெண் முனகிக்கொண்டிருந்தாள். முன்னால் சுமந்து வந்தவன் குப்புறக் கிடந்தான்.

அம்மை மண்டியிட்டு அவனைப் புரட்டினார். முகத்தைத் தடவினார். மூக்கருகே வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

“ஊரு எரியுதுன்னு உங்ககிட்டதானே ஓடி வந்தோம்?” என்றான் மற்றவன். “என் தம்பி என்ன பண்ணினான்? யாரு கொன்னது அவனை?”

“நான்தான் கொன்றேன்.”

கீரன் அழத் தொடங்கினார். “பனி, அம்மையே. ஈட்டி மாதிரி தெரிந்தது.”

“மாதிரி என்று நீர் சொல்லவில்லை.”

செத்தவன் பிடித்திருந்த மூங்கில் முனையைக் கீரன் தோளில் ஏற்றிக்கொண்டார். மறுமுனையை அவனுடைய அண்ணன் தூக்கினான். பிணத்தை அம்மையே சுமந்தார்.

புதைத்து முடித்த மாலையில் கீரன் அம்மையிடம் வந்தார்.

“என்னைக் காவலிலிருந்து எடுத்துவிடுங்கள். இனி எதைப் பார்த்தாலும் வாய் திறக்க மாட்டேன்.”

“நாளைக்கும் நீர்தான் வருகிறீர்.”

“இந்தக் கண்ணை இன்னுமா நம்புகிறீர்கள்?”

அம்மை கை கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் ஏறிய மண் போகவில்லை.

“என்னிடம் வேறு கண் இல்லை.”

மறுநாளும் பனி. அருவி இரைந்தது. கீழே பாதையில் கற்கள் சரிந்தன.

“என்ன தெரிகிறது?” என்றார் அம்மை.

உருவங்கள். இந்த முறை நிறையப் பேர். தோள்களுக்கு மேலே நீளநீளமாக எதுவோ. கீரனுக்கு மகனின் முகம் நினைவுக்கு வந்தது. நேற்றுப் புதைத்தவனின் முகமும் வந்தது.

“சீக்கிரம் சொல்லும்.”

“தெரியவில்லை, அம்மையே.”

காலடிகள் நெருங்கின.

அம்மை கம்பைத் தாழ்த்தினார். பாறை மறைவை விட்டு நடுப்பாதைக்கு இறங்கிப்போய், உரக்கக் கேட்டார்:

“யாரது?”